தாத்தாவின் டபுள் பேரலில் புதுத் தோட்டா போடும் முன்

போன மாதம் ஒருவர் தன் தாத்தா வைத்திருந்த 12 போர் (குழல் அளவு) டபுள் பேரல் துப்பாக்கியைக் கொண்டு வந்தார். லைசென்ஸ் இப்போதுதான் அவர் பெயருக்கு மாறியிருக்கிறது, கையில் புதுத் தோட்டாப் பெட்டியும் இருந்தது, ஒருமுறை பார்த்து எண்ணெய் போட்டுக் கொடுத்தால் போதும் என்றார். பர்மிங்ஹாமில் செய்தது. இந்த மாதிரி துப்பாக்கி மேசைக்கு வந்துவிட்டால் எனக்கு அன்றைக்கு வேறு வேலை ஓடாது.

குழலைக் கழற்றி, அடியில் இருக்கும் கொக்கியில் விரலை விட்டுத் தொங்கவிட்டு, இன்னொரு கையின் முட்டியால் தட்டினேன். வெண்கல மணி மாதிரி நின்று ஒலித்தது. இரண்டு குழலையும் சேர்க்கும் பட்டையில் பற்றவைப்பு எங்காவது விட்டிருந்தால் விரிசல் விட்ட பானையைத் தட்டியதுபோலக் கேட்கும். குழல் டமாஸ்கஸ். இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் சேர்த்து முறுக்கி, ஒரு கம்பியைச் சுற்றிக் கயிறுபோலச் சுற்றி, பழுக்கக் காய்ச்சி அடித்து ஒட்டியது; வெளிச்சத்தில் திருப்பினால் அந்த முறுக்கெல்லாம் நெசவுபோலத் தெரியும்.

பயமும் அந்தக் குழலில்தான். அந்தக் காலத்தில் பெரும்பாலும் கருமருந்துக்காகச் செய்தவை இவை. இன்றைய தோட்டாவில் இருப்பது நைட்ரோ என்னும் புகையில்லாத வெடிமருந்து, அதன் அழுத்தத்தை இந்தக் குழல் தாங்காமல் போகலாம். ஒட்டு விழுந்த இடத்தில் உள்ளுக்குள் துரு ஏறியிருந்தால் வெளியே தெரியாது. குழல் அடியில் பர்மிங்ஹாம் சோதனைச் சாலையின் முத்திரைகள் இருக்கும், நைட்ரோவுக்குச் சோதித்த அடையாளமாக நைட்ரோ ப்ரூஃப் என்றோ, மகுடத்துக்குக் கீழே என்.பி. என்றோ பாருங்கள். இல்லாவிட்டால் புதுத் தோட்டா போடவே கூடாது. முத்திரை இருந்தாலும் அது அடித்த நாளின் நிலைமைதான், அதற்குப் பிறகு யாராவது உள்ளே தேய்த்திருந்தால் சுவர் மெலிந்திருக்கும், அளந்துதான் சொல்ல முடியும்.

அப்புறம் தோட்டா அறை. பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகளில் அது பெரும்பாலும் இரண்டரை அங்குலம், இன்றைய தோட்டா இரண்டே முக்கால். "உள்ளே சரியாகப் போகிறதே" என்பார்கள். போகும்தான், அந்த அளவு சுட்டபிறகு தோட்டாவின் மடித்த வாய் விரிந்த நீளத்துக்கு உரியது. அறை குட்டையாக இருந்தால் விரியும் வாய் முன்னால் குறுகும் இடத்தில் போய் அடைக்கும், அழுத்தம் எகிறும்.

எமரித் தாளை மட்டும் எடுக்காதீர்கள். குழலின் அந்தப் பழுப்பு நிறம் அழுக்கு அல்ல, பல நாள் மெல்லத் துருவேற்றித் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்த வேலை. ஒரு மதியத்தில் போய்விடும். நம் ஊர் ஈரத்துக்குத் துணி உறையிலும் தோல் பெட்டியிலும் போட்டு மாதக்கணக்கில் மூடி வைக்காதீர்கள்.

லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் "பழைய பொருள்தானே" என்று பரணில் வைத்திருப்பவர்களையும் பார்க்கிறேன். அது குற்றம். காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு, பிறகு உங்கள் பெயருக்கு விண்ணப்பியுங்கள். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், வாரிசாக வந்தாலும் அதே கணக்கு.

அவருடைய குழலில் நைட்ரோ முத்திரை இல்லை, அறையும் இரண்டரைதான். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு குழலை வாங்கித் தானே கொக்கியில் தொங்கவிட்டு, நான் தட்டிய மாதிரியே தட்டிக் கேட்டார்.