புகை இருந்தால் நெருப்பு. நெருப்பு இருந்தால் புகையா?

வெள்ளவத்தையிலிருந்து ஓர் உயர்தர மாணவி கேட்டிருக்கிறார்: "எனக்கு டெங்கு வந்தபோது அம்மம்மா கையில் நூல் கட்டிவிட்டா. அடுத்த நாளே காய்ச்சல் இறங்கிவிட்டது. நூல்தான் சுகப்படுத்தியது என்கிறா. இதில் பிழை இருப்பது தெரிகிறது, எந்த இடத்தில் என்று சொல்லத் தெரியவில்லை."

அந்த இடத்தைக் காட்டுவதற்கென்றே பழைய தர்க்க அறிஞர்கள் ஒரு கருவி செய்து வைத்திருக்கிறார்கள். காரணம் போலத் தோன்றிக் காரணமாகாமல் போகிறவற்றை நியாய சூத்திரம் என்ற பழைய தர்க்க நூல் ஐந்து வகையாகப் பிரித்தது. 5-6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பௌத்தரான திக்நாகர் இந்தச் சோதனையை ஒன்பது கட்டங்களுக்குள் அடக்கினார். அதுதான் ஏதுச் சக்கரம்.

மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது என்கிறோம். புகை இங்கே ஏது, அதாவது நாம் காட்டும் காரணம். இப்போது மலையை விட்டுவிட்டு உலகத்தை இரண்டு கூட்டமாகப் பிரியுங்கள். நெருப்பு இருக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்த இடங்கள் ஒரு கூட்டம். குசினி அதில் சேரும். அது சபக்கம். நெருப்பே இல்லாத இடங்கள் மற்றக் கூட்டம். குளம் அதில் சேரும். அது விபக்கம். ஒவ்வொரு கூட்டத்திலும் ஏது எல்லாவற்றிலும் இருக்கலாம், ஒன்றிலும் இல்லாமல் போகலாம், சிலவற்றில் மட்டும் இருக்கலாம். மும்மூன்று ஒன்பது.

ஒன்பதில் தேறுவது இரண்டே இரண்டு கட்டங்கள். சபக்கம் முழுவதிலும் ஏது இருந்து விபக்கத்தில் அறவே இல்லையென்றால் சரி. சபக்கத்தில் சிலவற்றில் மட்டும் இருந்து விபக்கத்தில் அறவே இல்லையென்றாலும் சரி! எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. அதனால் புகை என்ற காரணம் கெட்டுவிடாது. ஆனால் நெருப்பில்லாத ஒரேயொரு இடத்தில் புகை எழுந்தாலும் வாதம் விழுந்துவிடும். ஆதரவாக எத்தனை உதாரணம் அடுக்கினீர்கள் என்பதைத் திக்நாகர் பெரிதாக எடுக்கவில்லை. எதிர்ப்பக்கம் சுத்தமாக இருக்கிறதா என்றுதான் பார்த்தார். அதே இரும்பை வைத்து, நெருப்பு இருப்பதால் புகையும் இருக்கும் என்ற தலைகீழ் வாதத்தைத் தள்ளிவிடலாம்.

மிச்சம் ஏழில் இரண்டு, சொல்ல வந்ததற்கு நேர் எதிரானதையே நிறுவிவிடும். ஐந்து, எதையும் முடிவு செய்யாது. அந்த ஐந்தில் விசித்திரமானது நடுக்கட்டம். அங்கே ஏது இரண்டு கூட்டத்திலும் கிடையாது. 'ஒலி அழியாதது, ஏனென்றால் காதால் கேட்கப்படுகிறது' என்பது பழைய உதாரணம். காதால் கேட்கப்படுவது ஒலி மட்டும்தான், ஒப்பிட வேறெதுவும் இல்லை. வேறு யாரிடமும் இல்லாத அடையாளம் இருப்பதால் எங்கள் சாமியார் தெய்வப் பிறவி என்று சொல்வதும் இதே கட்டத்தில்தான் விழும்.

அப்புறம் நூலுக்கு வருவோம். நிறுவ வேண்டியது: நூல் காய்ச்சலுக்கு மருந்து. காட்டும் ஏது: அதன் பிறகு காய்ச்சல் இறங்கியது. சபக்கத்தில் பனடோல் இருக்கிறது. குடித்தபின் சிலருக்கு இறங்கும், சிலருக்கு இறங்காது. விபக்கத்தில் தலையணை உறை மாற்றுவது போன்ற மருந்தல்லாத காரியங்கள். அவற்றுக்குப் பிறகும் சிலருக்குக் காய்ச்சல் இறங்கியிருக்கிறது, ஏனென்றால் டெங்குக் காய்ச்சல் பெரும்பாலும் இரண்டு முதல் ஏழு நாளில் தானாகவே இறங்கும். இரண்டு கூட்டத்திலும் சிலவற்றில் உண்டு, சிலவற்றில் இல்லை. பிழை இருக்கும் கட்டம் அதுதான்.

இந்தக் கட்டத்துக்கு மணிமேகலையிலேயே பெயர் இருக்கிறது: உபயைகதேசவிருத்தி, அதாவது இரண்டு பக்கத்திலும் ஒரு பகுதியில் மட்டும் இருப்பது. 29ஆவது காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு ஏதுப் போலிகளை வரிசையாகச் சொல்லிக் கொடுக்கிறார். மணிபல்லவம் நம்முடைய நயினாதீவுதான் என்று பெருமையோடு பேசுகிறோம், அமுதசுரபியின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். இந்தக் காதையை மட்டும் தாண்டிப் போய்விடுகிறோம். உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞான முறையும் என்று ஒரு பாடமே உண்டு, அதையும் கலைப்பிரிவுக்கு உரியதாகவே பார்க்கிறோம். மருத்துவராகப் போகிற பிள்ளைக்கு விபக்கத்தைத் தேடிப் பார்க்கும் பழக்கம் வேண்டாமா? தமிழ் விவாதப் போட்டிகளுக்குச் செலவிடும் காசில் ஒரு பங்கை இந்தக் காதைக்கு எளிய உரையும் பயிற்சிகளும் எழுதச் செலவிடலாம் என்பது என் உறுதியான கருத்து.

தங்கச்சி, அம்மம்மாவிடம் நூலைப் பற்றி வாதாட வேண்டாம். நூல் கட்டாமலே சுகமான அயலவர் யாரும் இருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். இன்னொன்றையும் கட்டாயம் சொல்லுங்கள். டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் தொடங்குகிறது. குருதித் திரவம் நாளங்களிலிருந்து கசியக்கூடிய 24 முதல் 48 மணி நேரம் அது. கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, பல்முரசில் இரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு இவற்றில் ஒன்று தெரிந்தாலும், காய்ச்சல் இல்லையே என்று வீட்டில் வைத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.