அரசுக் கலைக் கல்லூரி: கட்டணம் குறைவு, செலவு எவ்வளவு?

பிளஸ் 2 முடிவு வந்த வாரத்தில் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "ஃபீஸ் எவ்வளவு ஆகும்?" என்பதுதான். தமிழ்நாட்டின் அரசு கலை அறிவியல் கல்லூரிகளைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்குப் பதில் சுலபம். இளநிலைப் படிப்புக்குப் பயிற்றுக் கட்டணமே கிடையாது. சேர்க்கையின்போது சிறப்புக் கட்டணம், பல்கலைக்கழகப் பதிவு, அடையாள அட்டை என்று சில ஆயிரம் ரூபாய் கட்டுவதோடு முடிந்துவிடும். இணையவழி விண்ணப்பத்துக்கு 48 ரூபாயும் பதிவுக்கு 2 ரூபாயும் போதும். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அந்த 2 ரூபாய் மட்டும்தான்.

இதனாலேயே பலர் அரசுக் கல்லூரி என்றால் செலவே இல்லை என்று முடிவுகட்டி, கணக்குப் போடாமலேயே பிள்ளையைச் சேர்த்துவிடுகிறார்கள். வேறு சிலர், "சும்மா கிடைக்கிறதில் என்ன தரம் இருக்கப் போகிறது" என்று கடன் வாங்கித் தனியார் கல்லூரிக்குப் போகிறார்கள். இரண்டு தரப்பும் கட்டண ரசீதை மட்டும்தான் பார்க்கின்றன.

உள்ளூர் அரசுக் கல்லூரியில் சேரும், அரசுப் பள்ளியில் படித்த ஒரு மாணவியின் செலவைத் தோராயமாக எடுத்துக்கொள்வோம். ஆண்டுக் கட்டணம் 3,000. இரண்டு பருவத் தேர்வுக் கட்டணம் 2,000. ஜெராக்ஸ், ரெக்கார்டு நோட்டு, புத்தகம் 3,000. மதியச் சாப்பாடு, டீ, ஷேர் ஆட்டோ என்று மாதம் ஆயிரம் வீதம் பத்து மாதத்துக்கு 10,000. போன் ரீசார்ஜ் 3,000. மொத்தம் 21,000. அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு என்பதால் பஸ் செலவைச் சேர்க்கவில்லை. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வந்தால் ஆண்டுக்கு 12,000 கழியும். மீதி 9,000. மூன்று வருடத்துக்கு 27,000 ரூபாய். ஆண் மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தபிறகு அவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

இனி, இந்தக் கணக்கில் யாரும் எழுதாத ஒரு வரி. அதே பெண் பிளஸ் 2 முடித்ததும் ஜவுளிக்கடைக்கோ மில்லுக்கோ போய் மாதம் 12,000 வாங்கினால், 36 மாதத்தில் 4,32,000 ரூபாய். கல்லூரிக்குப் போவதால் அந்தச் சம்பளம் வராமல் போகிறது. கையிலிருந்து போகும் 27,000-ஐப் போல் இது பதினாறு மடங்கு. இரண்டையும் கூட்டினால் 4,59,000. அரசுக் கல்லூரிப் படிப்பின் உண்மையான விலை இதுதான். அதில் பெரும்பங்கு காலம். கட்டணம் அதில் ஒரு துளி.

இந்த விலை திரும்பி வர எவ்வளவு நாள் ஆகும்? பட்டம் இருப்பதால் மாதம் 4,000 ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால் ஒன்பதரை வருடம். 8,000 கூடுதலாகக் கிடைத்தால் ஐந்து வருடத்துக்குள். கூடுதலாக ஒன்றுமே கிடைக்காமல், டிகிரி முடித்தும் அதே ஜவுளிக்கடைக்கு அதே சம்பளத்தில் போனால் பணமாகத் திரும்பவே திரும்பாது. படிப்பின் பயன் பணம் மட்டும் அல்ல என்பது உண்மை. திருமணத்தைத் தள்ளிப்போடவும், வெளியூர் போகவும், நாலு பேர் முன் பேசவும் கல்லூரி ஒரு பெண்ணுக்கு வழி திறக்கிறது. அதற்கு விலை போட முடியாது. ஆனால் வீட்டில் ஒருவர் சம்பாதித்தால்தான் அடுப்பு எரியும் என்ற குடும்பத்திடம் பணக் கணக்கை மறைத்துப் பேசுவது நியாயம் இல்லை.

பெரிய செலவு காலம்தான் என்றால், அதை வீணாக்குவது எது என்று பார்க்க வேண்டும். முதல் எதிரி அரியர். பருவத் தேர்வு ஏப்ரலிலும் நவம்பரிலும் வரும். ஆறாம் பருவத்தில் ஒரு தாள் போனால் நவம்பரில் எழுதி, முடிவு வந்து, சான்றிதழ் கைக்கு வர அடுத்த ஆண்டு பிறந்துவிடும். சில பல்கலைக்கழகங்களும் தன்னாட்சிக் கல்லூரிகளும் ஒரே ஒரு தாள் நிற்பவர்களுக்கு உடனடித் தேர்வு வைக்கின்றன. உங்கள் கல்லூரியில் அது உண்டா என்பதை முதல் வருடத்திலேயே கேட்டுவையுங்கள். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளுக்கு அறிவிக்கை வெளியாகும் தேதியில் பட்டத் தகுதி கையில் இருக்க வேண்டும். ஒரு அரியரால் அந்தத் தேதி தவறினால் அடுத்த அறிவிக்கைக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. தேர்வுக் கட்டணமாகச் சில நூறு ரூபாய் கட்டினால் தீர்ந்துவிடும் என்று நினைக்கும் அரியருக்கு உண்மையில் ஒரு வருடம் விலையாகப் போகிறது.

அரியர் எங்கே விழுகிறது என்பதும் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்ததுதான். பட்டப் படிப்பின் தாள்கள் ஐந்து பகுதிகளாக இருக்கும். மேஜர் எனும் முதன்மைப் பாடத்தில் விழுவதைவிட, பகுதி இரண்டு ஆங்கிலத்திலும், அலைடு எனும் துணைப் பாடங்களான கணிதம், புள்ளியியலிலும் அதிகம் விழுகிறது. பகுதி நான்கில் வரும் சுற்றுச்சூழல் கல்வி, பகுதி ஐந்தின் விரிவாக்கப் பணி போன்றவற்றை 'சும்மா பேப்பர்' என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. எல்லாப் பகுதியும் முடிந்தால்தான் பட்டம். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுதுவதே சிக்கலாகும். பகுதி நேர வேலைக்குப் போகும் மாணவர்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள்.

அதே சமயம், பகுதி நேர வேலைக்கு அரசுக் கல்லூரியைப் போல வசதியான இடம் வேறு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பல கல்லூரிகள் இரண்டு ஷிப்டில் நடக்கின்றன. காலை ஷிப்ட் என்றால் மதியத்துக்குமேல் முழுவதும் மாணவர் கையில். அந்த நேரத்தில் மாதம் 5,000 சம்பாதித்தாலே மூன்று வருடத்தில் 1,80,000 வந்து, நாம் போட்ட 4,59,000-இல் மூன்றில் ஒரு பங்குக்குமேல் குறைந்துவிடும். வேலை தேவையில்லை என்ற குடும்பமாக இருந்தால் அந்த மதியம் போட்டித் தேர்வுக்கோ, டேலி கணக்கு மென்பொருள் பயிற்சிக்கோ, தட்டச்சுக்கோ போகட்டும். தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் பணிகளுக்கு அரசுத் தொழில்நுட்பத் தேர்வுச் சான்றிதழ் கேட்கிறார்கள். பட்டத்தோடு அதுவும் இருப்பவருக்குக் கூடுதலாக ஒரு வாசல். சேர்க்கைக் கலந்தாய்வில் பாடத்தைப் பற்றி யோசிக்கும் அளவுக்கு ஷிப்டைப் பற்றியும் யோசியுங்கள்.

எந்தப் பாடம் எந்த வாசலைத் திறக்கும்

"கிடைத்ததை எடுத்துக்கொள், டிகிரி டிகிரிதான்" என்ற அறிவுரை பாதிதான் சரி. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2, வங்கித் தேர்வுகள், மத்திய அரசுப் பணிக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். போன்றவற்றில் பெரும்பாலான பணிகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். குரூப் 4-க்கு அதுகூட வேண்டாம், பத்தாம் வகுப்பே போதும். 19,500 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் தொடங்கும் இளநிலை உதவியாளர், கிராம நிர்வாக அலுவலர் பணிகள் அதில்தான் வருகின்றன. குரூப் 4 மட்டுமே இலக்கு என்றால் பட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். 18 வயது முடிந்ததும் கல்லூரியில் படித்துக்கொண்டே எழுதத் தொடங்கலாம். வி.ஏ.ஓ. பணிக்கு மட்டும் 21 வயது ஆக வேண்டும்.

ஆசிரியர் வேலை என்று வந்தால் பாடம்தான் எல்லாம். அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியர் பணியிடங்கள் தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் ஆகிய பாடங்களுக்கானவை. பி.காம். முடித்தவர் நேராகப் பட்டதாரி ஆசிரியர் ஆக முடியாது. எம்.காம்., பி.எட். முடித்து முதுநிலை ஆசிரியர் தேர்வுக்குப் போக வேண்டும். பொருளியலுக்கும் அப்படித்தான். பட்டத்தின் பெயரில் கூடுதலாக ஒரு சொல் ஒட்டியிருந்தால் அதை வழக்கமான பட்டத்துக்குச் சமமாக ஏற்கும் இணைத் தகுதி அரசாணை இருக்கிறதா என்று சேரும்முன் பார்த்துவிடுங்கள். மூன்று வருடம் கழித்துச் சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் தெரியவந்தால் அதைச் சரிசெய்ய வழியில்லை. பி.எட். இரண்டு வருடம், பிறகு டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வு, அதற்குப் பிறகு தனியாக நியமனத் தேர்வு. அதாவது பிளஸ் 2-விலிருந்து குறைந்தது ஐந்து வருடப் படிப்பு, அதன்பின் காத்திருப்பு. வீட்டால் அந்தக் காத்திருப்பைத் தாங்க முடியுமா என்று முதலிலேயே பேசிவிட வேண்டும்.

பெரும்பாலானோர் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம் பயிற்றுமொழி. அரசுக் கல்லூரிகள் பலவற்றில் வரலாறு, பொருளியல், வணிகவியல், கணிதம் போன்றவை தமிழ் வழி, ஆங்கில வழி என்று தனித்தனிப் பிரிவாக உண்டு. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிடைக்கிறது. 2020-இல் திருத்தம் வந்தபிறகு ஒன்றாம் வகுப்பு முதல் அந்தப் பணிக்குரிய கல்வித் தகுதி வரை முழுவதும் தமிழ் வழியாக இருக்க வேண்டும். பன்னிரண்டு வருடம் தமிழ் வழியில் படித்த பிள்ளை, "இங்கிலீஷ் மீடியம்னா கௌரவம்" என்று கல்லூரியில் ஆங்கில வழிப் பிரிவை எடுத்தால், பட்டத் தகுதி கேட்கும் பணிகளுக்கு அந்த முன்னுரிமை அன்றோடு போய்விடும். ஆங்கில வழியில் சேர்ந்துவிட்டுத் தேர்வைத் தமிழில் எழுதினாலும் ஆகாது. பிரிவின் பயிற்றுமொழி எதுவோ, அதுதான் சான்றிதழில் வரும்.

தனியார் துறையில் தமிழ் வழிப் பட்டம் பின்தங்கும் என்ற கவலையில் நியாயம் இருக்கிறது. அங்கே கேட்பது ஆங்கிலத்தில் பேசவும் மின்னஞ்சல் எழுதவும் தெரியுமா என்பதைத்தான்; பொருளியலை எந்த மொழியில் படித்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. பகுதி இரண்டு ஆங்கிலத்தை ஒழுங்காகப் படித்தாலே அந்த இடைவெளியில் பாதி குறையும். அரசின் நான் முதல்வன் திறன் திட்டப் பயிற்சிகளும் பாடத்திட்டத்தோடு இணைந்தே வருகின்றன. கிரெடிட்டுக்காக மட்டும் லாகின் செய்துவிட்டு மூடிவிடாதீர்கள்.

கல்லூரியின் கணக்கைப் படிப்பது எப்படி

தேசியத் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் தாங்கள் கொடுத்த தரவைத் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும். 'என்.ஐ.ஆர்.எஃப்.' என்ற இணைப்பில் ஒரு பி.டி.எஃப். இருக்கும். அதில் மூன்றாண்டு இளநிலை என்ற அட்டவணையைத் திறங்கள். முதலாண்டில் சேர்ந்தவர்கள், உரிய காலத்தில் பட்டம் முடித்தவர்கள், வேலை கிடைத்தவர்கள், அவர்களின் இடைநிலைச் சம்பளம் (மீடியன், வரிசையில் நடுவில் நிற்பவரின் சம்பளம்), மேல்படிப்புக்குப் போனவர்கள் என்று எண்கள் வரிசையாக நிற்கும். முடித்தவர்களின் எண்ணிக்கையைச் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 500 பேர் சேர்ந்து 300 பேர் முடித்திருந்தால், ஐந்தில் இரண்டு பேர் காலத்தை இழந்திருக்கிறார்கள். பிறகு, முடித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை என்று பாருங்கள். இடைநிலைச் சம்பளம் என்பது வேலை கிடைத்தவர்களுக்கு மட்டும் போட்ட கணக்கு. 300 பேரில் 20 பேருக்கு மட்டும் வேலை கிடைத்து, அந்த 20 பேரின் சம்பளம் நன்றாக இருந்தாலும் அந்தக் கட்டத்தில் பெரிய எண்தான் தெரியும். தனியார் கல்லூரி விளம்பரப் பலகையில் பார்க்கும் 'அதிகபட்சச் சம்பளம்' இதைவிட மோசம். அது ஒரே ஒருவரின் சம்பளம்.

தனியாரோடு ஒப்பிடும்போதும் கணக்கு இதே மாதிரிதான். அரசுக் கல்லூரியைவிட ஆண்டுக்கு 50,000 அதிகக் கட்டணமும் கல்லூரி வேனுக்கு 15,000-மும் என்றால் மூன்று வருடத்தில் 1,95,000 கூடுதல் செலவு. அந்தக் கல்லூரியில் படிப்பதால் மாதம் 3,000 கூடுதலாகக் கிடைத்தால்கூட இந்தக் கூடுதல் செலவு மட்டும் திரும்ப 65 மாதம் ஆகும். கடன் என்றால் வட்டி தனி. அரசு உதவிபெறும் கல்லூரியில் ஒரே வளாகத்தில், ஒரே பட்டத்துக்கு, உதவிப் பிரிவில் ஒரு கட்டணமும் சுயநிதிப் பிரிவில் பல மடங்குக் கட்டணமும் இருக்கும். எந்தப் பிரிவு என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

இன்னொரு வழக்கமான சிக்கல்: அரசுக் கலந்தாய்வுக்கு முன்பே தனியாரில் இடம் போட்டு, பணத்தையும் டி.சி.யையும் கொடுத்துவிடுவது. பிறகு அரசுக் கல்லூரியில் நல்ல பாடம் கிடைத்தால் டி.சி.க்காக அலைய வேண்டியிருக்கும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்பது யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதி. அதைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள், வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

உதவித்தொகை நின்றுபோவதற்குப் பெரும்பாலும் காரணம் வங்கிக் கணக்கு. கணக்கில் ஆதார் எண்ணைக் கொடுத்திருப்பது வேறு, நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு ஆதார் இணைந்திருப்பது வேறு. வங்கியில் ஆதார் சீடிங் படிவம் கொடுத்து, எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று உறுதிசெய்யுங்கள். பள்ளிக் காலத்தில் தொடங்கிய ஜீரோ பேலன்ஸ் கணக்கு முடங்கியிருக்கும். ஆதாரில் ஒரு இனிஷியலும் மதிப்பெண் பட்டியலில் இன்னொன்றும் இருக்கும். இரண்டையும் சேர்க்கைக்கு முன்பே சரிசெய்தால் கல்லூரியில் யுமிஸ் எனும் மாணவர் விவரத் தளப் பதிவு தடையில்லாமல் முடியும். வெளியூரிலிருந்து வருபவர்கள் அரசு நல விடுதிக்கு விண்ணப்பிக்கலாம், உணவும் தங்குமிடமும் இலவசம். பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளில் வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கிலோமீட்டராவது இருக்க வேண்டும் என்ற விதி மாணவிகளுக்கு இல்லை.

ஐந்தாம் பருவம் தொடங்கும்போதே இரண்டு வேலை செய்துவிடுங்கள். ஒன்று, மத்திய அரசு, வங்கித் தேர்வுகளுக்கான ஓ.பி.சி. சான்றிதழ். கையில் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் அதற்குச் செல்லாது. இ-சேவை மையத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு, அதுவரை முடிந்த நான்கு பருவ மதிப்பெண் பட்டியல்களையும் வரிசையாக வைத்து, பகுதி ஒன்று முதல் ஐந்து வரை ஒவ்வொரு தாளுக்கும் எதிரே தேர்ச்சி என்று இருக்கிறதா என்று விரலால் தொட்டுச் சரிபாருங்கள். ஏதாவது விட்டுப்போயிருந்தால் எழுதி முடிக்க அப்போது இன்னும் இரண்டு தேர்வுகள் கையில் இருக்கும்.