கோல் கணக்க வச்சு ஆர் திறம் எண்டு சொல்லேலுமா?

திருகோணமலையில ஃபுட்போல் கதைக்காத பெடியள் குறைவு, உவர்மலையில நிண்டாலும் சரி உப்புவெளிப் பக்கம் போனாலும் சரி மெஸ்ஸியா ரொனால்டோவா எண்ட வாக்குவாதம் எங்கயாவது ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஒருத்தன் போனை எடுத்து 2012ல மெஸ்ஸி ஒரே வருசத்தில 91 கோல் எண்டு காட்டுவான், மற்றவன் உடன சாம்பியன்ஸ் லீக்கில ரொனால்டோ 140 கோல் எண்டு காட்டுவான். ரெண்டும் சரியான கணக்குத்தான். ஆனா அந்த எண்ணுக்குள்ள என்ன அகப்படுது, என்ன அகப்படாமப் போகுது எண்டு பாக்காமலே முடிவுக்கு வாறம், அதுதான் எனக்குப் பெரிய குறையாப் படுது.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. 90 நிமிச மெட்சில பந்து உண்மையா ஓடுறது 55 நிமிசமளவில, மிச்சமெல்லாம் த்ரோ, கோர்னர், ஃப்ரீகிக், காயம் எண்டு போயிடும். அந்த 55ஐ 22 பேருக்குப் பிரிச்சா பந்தோட இருக்கிறது ஆளுக்கு ரெண்டரை நிமிசம்! கோல், அசிஸ்ட் (கோலுக்கு முந்தின பாஸ்), பாஸ், டக்கிள் (எதிராளியிட்ட இருந்து பந்தைப் பறிக்கிறது) எண்டு நாங்கள் பாக்கிற எண்கள் கிட்டத்தட்ட முழுக்க அந்த ரெண்டரை நிமிசத்தில வந்ததுதான். மிச்ச நேரம் முழுக்க அவர் எங்க நிண்டார், ஆரை இழுத்துக்கொண்டு ஓடினார், எந்த இடத்தை மூடினார் எண்டதுக்கு அந்த அட்டவணையில கட்டமே இல்லை.

ஏகாம்பரம் மைதானத்தில பின்னேரத்தில ஒரு நல்ல ஸ்டொப்பரை, அதாவது நடுவில நிண்டு தடுக்கிற டிஃபென்டரை, மட்டும் பாத்துக்கொண்டிருந்தா இது விளங்கும். எதிர்ப் பக்க ஃபோர்வேர்ட் கையைக் காட்டிப் பந்து கேக்கேக்க இவர் ரெண்டு எட்டு வலப்பக்கம் நகருவார், அவ்வளவுதான். பந்து வச்சிருக்கிறவன் நிமிர்ந்து பாப்பான், வழி அடைபட்டுப் போச்சு எண்டு கண்டு பந்தைத் திருப்பித் தன்ர கீப்பருக்கே தட்டிவிடுவான். எதிராளிக்கு ஒரு சரியான பாஸ் எண்டு பதிவாகும், தாக்குதலையே நிப்பாட்டின இவருக்கு ஒண்டும் பதிவாகாது. டக்கிள் கூட எடுக்கிறவர்தான் நல்ல டிஃபென்டர் எண்டு சொல்லுறாக்கள் இதை யோசிக்க வேணும். ஸ்பெயின் டீமில விளையாடி உலகக் கிண்ணம் வெண்ட சாபி அலொன்சோவே, டக்கிள் எண்டது வேற வழியில்லாத நேரம் செய்யிறது, அதை ஒரு தனித் திறமையாப் பாக்கேலாது எண்ட கருத்தைச் சொல்லியிருக்கிறார்.

அடுத்தது அதிர்ஷ்டம், இதைத்தான் ஆக்கள் ஏத்துக்கொள்ளவே மாட்டினம். அச்சொட்டா ஒரே திறமையுள்ள ரெண்டு ஸ்ட்ரைக்கர் எண்டு வைப்பம், ரெண்டு பேரும் சீசனுக்கு 100 ஷொட் அடிக்கினம், ஒவ்வொரு ஷொட்டும் உள்ள போக 12% வாய்ப்பு. சராசரி 12 கோல் வரவேணும். ஆனா நிகழ்தகவுக் கணக்குப் போட்டா பத்துச் சீசன்ல ஏழளவிலதான் 9க்கும் 15க்கும் இடையில வரும், மிச்ச மூண்டில அதுக்கும் வெளிய போயிடும். அதாவது ஒருத்தர் 9, மற்றவர் 15 எண்டு முடிக்கிறது வெகு சாதாரணம், திறமையில மயிரிழை வித்தியாசம் இல்லாமலே. 9 அடிச்சவரை டீமால தூக்குவினம், 15 அடிச்சவருக்கு விலை ஏறும். ஃபுட்போல்ல கோல் எண்டது அவ்வளவு அரிதா விழுறதாலதான் இந்த ஏற்ற இறக்கம், கிரிக்கெட்ல ஆயிரக்கணக்கான பந்து சந்திக்கிற பெட்ஸ்மனுக்கு இது இவ்வளவு மோசமா இருக்காது.

அசிஸ்டும் அப்பிடித்தான். 2019-20ல மான்செஸ்டர் சிட்டியின்ர டி புருய்னா 20 அசிஸ்ட் எடுத்து, ஆர்சனலுக்கு விளையாடின ஹென்றியின்ர 2002-03 பிரீமியர் லீக் சாதனையைச் சமன் செய்தவர், ரெண்டு பேரும் மகா திறமைசாலிகள், ஆனா அசிஸ்ட் எண்டு எழுதுறதுக்கு மற்றவன் கோல் அடிக்கவேணும். அதே பாஸ், வாங்கினவன் வெளிய அடிச்சா பூச்சியம்.

காலம் மாறினா கதை இன்னும் சிக்கல். 1925ல ஓஃப்சைட் சட்டத்தை மாத்தினவை, முன்ன ஒரு ஃபோர்வேர்டுக்குப் பந்தைக் குடுக்கேக்க அவருக்கு முன்னால எதிராளிகள் மூண்டு பேர் கோல் பக்கமா இருக்கவேணும், பிறகு ரெண்டு பேர் காணும் எண்டாச்சு. இங்கிலாந்தின்ர முதல் டிவிஷன்ல 1924-25ல விழுந்தது 1,192 கோல், அடுத்த சீசன் அதேயளவு மெட்சில 1,703. ஃபோர்வேர்ட் எல்லாரும் ஒரு வருசத்தில திடீரெண்டு கெட்டிக்காரர் ஆகேல்ல, சட்டம்தான் மாறினது. எவர்ட்டனுக்காக டிக்சி டீன் 1927-28ல அடிச்ச 60 லீக் கோலை இந்தப் பின்னணி இல்லாம ஹாலண்ட் 2022-23 பிரீமியர் லீக்கில அடிச்ச 36ஓட வச்சுப் பாக்கிறதில அர்த்தமே இல்லை.

இப்ப எக்ஸ்ஜி எண்ட எதிர்பார்ப்புக் கோல் கணக்கு வந்திருக்கு, ஷொட் அடிச்ச தூரம், கோணம், தலையா காலா எண்டதைப் பாத்து இப்பிடியான ஷொட் வழமையா எத்தினை தரம் கோலாகும் எண்டு மதிப்புக் குடுக்கும், பெனல்டிக்கு 0.76 – 0.79 அளவில வரும், அதாவது நூறு அடிச்சா 76 – 79 கோலாகும் எண்ட கணக்கு. இது வெறும் கோல் எண்ணுறதை விட எவ்வளவோ மேல், நான் பாக்கச் சொல்லுறதும் இதைத்தான், ஆனா பெனல்டியைக் கழிச்சு, 90 நிமிசத்துக்கு எவ்வளவு எண்டு மாத்தி, ஒரே பொசிசன்ல விளையாடுற ஆக்களுக்குள்ள, ரெண்டு மூண்டு சீசனைச் சேத்துப் பாக்கவேணும். அப்பவும் ஷொட் அடிக்காத நேரம் அதில இல்லை. அதைப் பிடிக்கத்தான் கமராக்களை வச்சு ஒவ்வொருத்தரும் நிக்கிற இடத்தைச் செக்கனுக்கு 25 தரம் பதியினம், ஆனா ஒரு லெஃப்ட் பேக் (இடப்பக்க டிஃபென்டர்) தாக்குதலுக்கு மேல ஏறாம நிண்டா அது அவருக்கு ஏலாததாலயா, இல்லாட்டி கோச் ஏறாத எண்டு சொன்னதாலயா எண்டதை அந்தப் பதிவும் சொல்லாது, அதுக்கு அந்த டீம் விளையாடுறதை முழுசா இருந்து பாக்கத்தான் வேணும்.