எட்டு மீட்டர் கோடு

2025 அக்டோபரில் டெஸ்லா நிறுவனம் அமெரிக்காவில் 63,619 சைபர்டிரக் வண்டிகளைக் குறை தீர்க்கத் திரும்ப அழைத்தது. பிரேக் பிடிக்கவில்லை, ஸ்டியரிங் இறுகிவிட்டது என்றெல்லாம் காரணம் இல்லை. முன்பக்கப் பார்க்கிங் லைட் விதிமுறை அனுமதிப்பதைவிடப் பிரகாசமாக எரிகிறது, அவ்வளவுதான். இந்தச் செய்தியைப் பட்டறையில் பையன்களுக்கு வாசித்துக் காட்டினேன். ஒருவன் சிரித்தே விட்டான். "வெளிச்சம் அதிகமாக இருக்கிறது என்று யாராவது வண்டியைத் திரும்பக் கூப்பிடுவார்களா, அண்ணா?"

அவன் சிரித்ததில் தப்பில்லை. நாமக்கல்லில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாகன மின்வேலை பார்க்கிறேன். "வெளிச்சம் பற்றவில்லை" என்று வந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. "என் லைட் எதிரில் வருகிறவர் கண்ணைக் கூசுகிறது, சரி செய்து கொடுங்கள்" என்று வந்தவர் இதுவரை ஒரே ஒருவர். அவரும் தானாக வரவில்லை. இரவில் வீட்டு வாசலில் காரைத் திருப்பும்போது, கேட்டைத் திறக்க வந்த மகன் கண்ணைப் பொத்திக்கொண்டு கத்தியதால் வந்தவர்.

அமெரிக்கச் செய்தியில் என்னை நிறுத்தியது, சிக்கியது ஹெட்லைட் அல்ல என்பதுதான். பார்க்கிங் லைட் வண்டியிலேயே சாதுவான விளக்கு. வழி காட்டுவது அதன் வேலை இல்லை; 'இங்கே ஒரு வண்டி இருக்கிறது, இவ்வளவு அகலம்' என்று மற்றவர்களுக்குச் சொல்வதோடு அதன் கடமை முடிந்தது. அந்நாட்டு விளக்குத் தரவிதியான 108, ஹை பீமுக்கு, அதாவது நாம் பிரைட் என்பதற்கு, ஒரு விளக்குக்கு 75,000 கேண்டலா வரை அனுமதிக்கிறது. பார்க்கிங் லைட்டுக்கு 125தான். ஒரு மெழுகுவத்திச் சுடர் ஏறத்தாழ ஒரு கேண்டலா என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் விளங்கும். அந்தச் சின்ன வரம்பைத் தாண்டியதற்குத்தான் அத்தனை வண்டிகளும். இதனால் விபத்து நடந்ததாகத் தகவல் இல்லை என்று நிறுவனமே சொன்னது. ஆனாலும் 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே யாரும் அடிபடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; தரவிதிக்குப் பொருந்தவில்லை என்றாலே திரும்ப அழைக்க வேண்டும். இந்த முறை ஒரு வண்டிகூடப் பட்டறைக்குப் போகவில்லை. வண்டியின் மென்பொருளை இணையம் வழியாகப் புதுப்பித்து விளக்கை அடக்கிவிட்டார்கள். என் தொழிலுக்கு அது நல்ல சேதி இல்லை, போகட்டும்.

கண் கூசுவதற்கு விளக்கின் பலம் மட்டும் காரணமாக இருந்தால் பிரச்சினை எளிது. பலத்தைக் குறைத்தால் போதும். உண்மையில் அதைவிட முக்கியம், ஒளி எங்கே போகிறது என்பது. தார்மேல் விழுகிற ஒளி உங்களுக்கு உதவுகிறது; அதே ஒளி ஒரு முழம் மேலே ஏறினால் எதிரில் வருகிறவர் கண்ணுக்குள் போகிறது. அங்கே அது சிதறி, பார்வைமேல் ஒரு வெள்ளைத் திரையைப் போடுகிறது. அந்தத் திரைக்குப் பின்னால்தான் சாலையோரம் சைக்கிள் தள்ளிக்கொண்டு போகும் பெரியவர் மறைந்துபோகிறார். வயது ஏற ஏற, கண்புரை விழ விழ, திரை இன்னும் தடிக்கும்.

எச்4 வகை ஹாலஜன் பல்பைக் கழற்றிப் பாருங்கள். பழைய கார்களிலும் வேன்களிலும் பெரும்பாலும் இதுதான். உள்ளே இரண்டு இழைகள் இருக்கும். பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். டிம் இழைக்கு அடியில் மட்டும் ஒரு குட்டித் தகரக் கிண்ணம் இருக்கும். பார்த்தால் ஏதோ ஒட்டிக்கொண்ட உதிரி போலத் தெரியும். டிம் அடிக்கும்போது பல்புக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் கிண்ணக் கண்ணாடியான ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்கு ஒளி போகாமல் தடுப்பது அந்தத் தகரக் கிண்ணம்தான். கீழ்ப்பாதியில் பட்ட ஒளி மேல்நோக்கித் தெறிக்கும். அதை வெட்டிவிட்டால், சுவரில் பார்க்கும்போது மேலே இருட்டு, கீழே வெளிச்சம் என்று கோடு கிழித்தாற்போல் இருக்கும். இழை இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அந்தக் கோடு கலைந்துவிடும்.

இப்போது அதே ஹோல்டரில் கடையில் வாங்கிய எல்இடி பல்பைச் சொருகுகிறோம். இழை இருந்த இடத்தில் ஒளி தரும் தட்டையான சில்லுகள் இருபக்கமும் ஒட்டியிருக்கின்றன. ரிஃப்ளெக்டருக்கு இது தெரியாது. இழை இருப்பதாகவே நினைத்துக்கொண்டு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. டிம் அடித்தாலும் எதிரில் இருப்பவருக்குப் பிரைட் போலவே தெரிவது இதனால்தான். நீலம் கலந்த வெள்ளை நிறம் எரிச்சலை இன்னும் கூட்டும். பெட்டியில் அச்சடித்திருக்கும் லூமன் கணக்கை, அதாவது பல்பு தரும் மொத்த ஒளியின் அளவை, பற்றி நான் பேசப்போவதில்லை. அது அச்சகத்துக்கும் கடவுளுக்கும் இடையிலான விஷயம். எல்இடி என்ற தொழில்நுட்பத்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை. எல்இடிக்கென்றே வடிவமைத்த ஹெட்லைட்டோடு வரும் புதிய வண்டிகளில் ஒளி ஒழுங்காகவே வெட்டப்படுகிறது. ஒருவர் செருப்பில் இன்னொருவர் காலை நுழைப்பதுதான் தப்பு.

இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பல்புகளை நானே நூற்றுக்கணக்கில் மாட்டியிருக்கிறேன். நல்ல லாபம், ஐந்து நிமிட வேலை, வாடிக்கையாளர் முகத்தில் சிரிப்பு. சுவரில் அடித்துப் பார்த்து "பகல் மாதிரி இருக்கிறது" என்று சந்தோஷமாகப் போவார்கள். கலைந்து கிடந்த அந்தக் கோட்டை நானும் பார்க்கவில்லை.

வெளிச்சம் குறைவு என்று இப்போது யாராவது வந்தால் முதலில் வோல்ட் மீட்டரைத்தான் எடுக்கிறேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட் இருக்கும். ஹோல்டரில் வைத்தால் 12கூட வராது. நடுவில் உள்ள மெல்லிய வயரும் கரிபிடித்த சுவிட்சும் மிச்சத்தைத் தின்றுவிடும். ஹாலஜனில் மின்னழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் ஒளி ஏறத்தாழ முப்பது சதவீதம் போய்விடும். பேட்டரி மின்சாரத்தை நேராக விளக்குக்கு விடும் சுவிட்சான ஒரு ரிலேயும் கொஞ்சம் தடித்த வயரும் போட்டு, மஞ்சள் பூத்த கண்ணாடியைத் தேய்த்துக் கொடுத்தால் பாதிப் பேருக்கு எல்இடி ஆசை மறந்துவிடும்.

அடுத்தது சாய்மானம். விளக்கு ஒரு டிகிரி மேலே தூக்கினால், ஐம்பது மீட்டர் தூரத்தில் ஒளி ஏறத்தாழ 87 சென்டிமீட்டர் ஏறிவிடும். பின்னால் பாரம் ஏற்றினால் வண்டி மூக்கைத் தூக்கும், விளக்கும் கூடவே தூக்கும். இதற்காகவே பல கார்களில் ஸ்டியரிங் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட ஒரு சக்கரம் இருக்கிறது. பின்சீட்டு நிறைய ஆள், டிக்கி நிறையச் சாமான் என்றால் எண்ணைக் கூட்ட வேண்டும், விளக்கு தாழும். ஒரு வாடிக்கையாளர் அதை வெளிச்சம் கூட்டுகிற சக்கரம் என்று நினைத்து ஆறு ஆண்டுகளாகத் திருப்பிக்கொண்டிருந்தார். 3-இல் வைத்தால் சாலை இன்னும் இருட்டாகிறதே என்று என்னிடம் புகார் வேறு. அந்தக் காலத்து லாரிகளில் ஹெட்லைட் நடுவே கறுப்புப் பொட்டு வைப்பார்கள். பொட்டு கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்னும். கதிரின் போக்கைத் திருத்தாது.

நம் நாட்டிலும் திரும்ப அழைப்பதற்குச் சட்டம் இருக்கிறது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ பிரிவு சேர்ந்தது. 2021 ஏப்ரலிலிருந்து அதற்கான விதிகள் நடப்பில் இருக்கின்றன. ஆனால் அது தொழிற்சாலையில் பிறந்த குறைக்கு. என் பட்டறையில் நான் சொருகிய பல்பை எந்த மென்பொருளும் அடக்காது, எந்தக் கடிதமும் திரும்ப அழைக்காது.

மத்திய மோட்டார் வாகன விதி 106 இதற்கு எளிய அளவு ஒன்று தருகிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, அரை மீட்டர் வலப்பக்கம், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணை முன்விளக்கு கூசச் செய்யக் கூடாது. ஒன்றரை மீட்டர் என்பது நம்மில் பெரும்பாலோர் நிற்கும்போது கண் இருக்கும் உயரம்தான். கருவி வேண்டாம், ஆள் நின்றால் போதும். பட்டறைத் தரையில் மஞ்சள் பெயின்டால் அந்தக் கோட்டைப் போட்டு வைத்திருக்கிறேன். எல்இடி பல்பு கேட்டு வருகிறவரை, ஏற்கெனவே மாட்டியிருப்பவரை, மாலை இருட்டியதும் அங்கே நிற்கச் சொல்லிவிட்டு அவர் வண்டியிலேயே ஏறி டிம் அடிக்கிறேன். கை தானாகக் கண்ணுக்குப் போகிறது. "யார் வண்டிங்க இது?" என்று நான் கேட்கும்போது சிலர் சிரித்துவிட்டுப் பழைய பல்பையே மாட்டச் சொல்கிறார்கள். சென்ற வாரம் வந்த வேன் ஓட்டுநர் கோட்டிலேயே கொஞ்ச நேரம் நின்றார். "எதிரில் வருகிறவனும் இதைத்தானே போட்டிருக்கிறான், அண்ணா?" என்று சொல்லிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.