நுரையீரல் புற்றுநோய்: மரபணுப் பரிசோதனைக்கு முன் பயாப்சி துண்டைக் காப்பாற்றுங்கள்

"மரபணு டெஸ்ட் எடுத்தா நோய் எப்படிப் போகும்னு தெரிஞ்சிடுமா டாக்டர்?" என்று குடும்பத்தார் கேட்கிறார்கள். நுரையீரல் புற்றுநோயில் அந்த அளவுக்கு இன்னும் வரவில்லை. கட்டியில் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று, மரபணுவின் நகலான ஆர்.என்.ஏ.வை அளந்து பார்ப்பதே மரபணு வெளிப்பாட்டுப் பரிசோதனை. மார்பகப் புற்றுநோயில் 21 மரபணுக்களை அளந்து, கீமோ தேவையா என்று முடிவெடுக்கிறோம். நுரையீரலுக்கும் பல தொகுப்புகள் ஆய்வுகளில் வந்தன. ஓரிடத்தில் சரியாகக் கணித்தவை வேறிடத்தில் தடுமாறின. நோயின் நிலையும், நோயாளி எழுந்து நடமாடும் தெம்பும்தான் இன்றும் அதிகம் சொல்கின்றன.

எந்த மருந்து கேட்கும் என்பதற்கோ பரிசோதனை கட்டாயம் வேண்டும். குறிப்பாக அடினோகார்சினோமா (சுரப்பி அணுக்களில் தொடங்கும் வகை) என்றால் ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. என்ற மரபணுக்களின் மாற்றங்களைப் பார்க்காமல் சிகிச்சையைத் தீர்மானிக்கக் கூடாது. புற்றணுக்களில் 50 சதவீதத்திலோ அதற்கு மேலோ பி.டி.எல்.1 என்ற புரதம் இருந்தால் இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் சிகிச்சை) மட்டுமே போதுமா என்று யோசிக்கலாம். அதை எண்ணக் குறைந்தது 100 உயிருள்ள புற்றணுக்கள் ஸ்லைடில் வேண்டும்.

அங்கேதான் சிக்கல். பயாப்சியில், அதாவது சோதனைக்குத் திசு எடுக்கும்போது, ஊசியில் வருவது நூல் போன்ற துண்டு. எடுத்த உடனே திசுவைப் பதப்படுத்தும் 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில், துண்டைப் போல் பத்து மடங்கு திரவத்தில் போட வேண்டும். சலைனில் (உப்புநீரில்) போட்டால் அழுகும். ஃபார்மலினில் இருப்பது 6 மணி நேரத்துக்குக் குறைந்தால் உள்ளே பதப்படாது. 48 மணி நேரத்தைத் தாண்டினால் ஆர்.என்.ஏ. முதலில் நொறுங்கும், டி.என்.ஏ.வும் பழுதாகும். சனிக்கிழமை எடுத்த பயாப்சி பொங்கல் விடுமுறையில் சீசாவிலேயே கிடந்தால் இதுதான் கதி. எலும்பில் எடுத்த துண்டின் சுண்ணாம்பை ஆசிட்டில் கரைத்தாலும் மரபணு வீணாகும், அதற்குப் பதிலான ஈ.டி.டி.ஏ. கரைசல் மெதுவானது, ஆனால் பாதுகாப்பானது. நோயின் வகையறிய டி.டி.எஃப்.1, பி40 என்ற இரண்டு புரதச் சாயங்களே பெரும்பாலும் போதும். சாயத்துக்கு மேல் சாயம் போட்டுத் துண்டைத் தீர்த்துவிடாதீர்கள் என்று லேப் நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

கடலூர், பண்ருட்டிப் பக்கம் பயாப்சி எடுத்துவிட்டு, மேல்சிகிச்சைக்குப் புதுச்சேரி கோரிமேட்டு ஜிப்மருக்குப் போகிறவர்கள் ரிப்போர்ட்டுடன் பாரஃபின் பிளாக்கையும் (துண்டைப் பதித்து வைத்த மெழுகுப் பாளத்தையும்) கேட்டு வாங்குங்கள். பிளாக்கில் உள்ள எண்ணும் ரிப்போர்ட் எண்ணும் ஒன்றா என்று அங்கேயே பாருங்கள். கத்திரி வெயிலில் கார் டாஷ்போர்டில் வைக்காதீர்கள், மெழுகு இளகும்.

துண்டு போதவில்லை என்றால் ரத்தத்திலும் ஈ.ஜி.எஃப்.ஆர். பார்க்கலாம். அதில் 'இல்லை' என்று வந்தால் அதை முடிவாகக் கொள்ளாமல் மறு பயாப்சி பற்றிக் கேளுங்கள். ரிசல்ட் வருமுன் இம்யூனோதெரபியை அவசரப்பட்டுத் தொடங்கவும் வேண்டாம்: பிறகு ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் தெரிந்து அதற்கான ஓசிமெர்டினிப் மாத்திரை கொடுக்கும்போது, நுரையீரல் அழற்சி ஆபத்தான அளவுக்குப் போகலாம்.