உங்க பேருல ஒரு கம்பெனி ஓடுதான்னு மொதல்ல பாருங்க

ஜிஎஸ்டி கணக்கு பாக்குறதுதான் என் தொழில். யாரோ ஒருத்தரோட பேப்பரை வெச்சு அவங்களுக்கே தெரியாம அவங்க பேருல கம்பெனி ஆரம்பிச்சதுல, இந்த மாசத்துல இது மூணாவது கேஸ். 20ஆம் தேதி ரிட்டர்ன் கடைசி நாள், டேபிள் மேல பில் கட்டு கட்டா கெடக்குது, இருந்தாலும் எழுதிட்டுதான் மத்த வேலைன்னு உக்காந்துட்டேன்.

முந்தாநேத்து பென்னாகரம் பக்கத்துல இருந்து ஒரு அக்கா வந்தாங்க, கூட பன்னெண்டாவது படிக்கிற பையன். அக்காவுக்கு புளி தட்டுற வேலை. நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு சொல்லத் தேவையில்ல, வியாபாரி மூட்டையா கொண்டாந்து எறக்கிட்டு போயிருவான், ஓடு ஒடைச்சு, நார் உரிச்சு, கொட்டை எடுத்துக் குடுக்கணும், கிலோ கணக்குல கூலி. கட்டைவெரல் நகத்துக்கு அடியில கறுத்துப் போயி கெடந்துச்சு. அந்தக் கையால ரவிக்கைல வெச்சிருந்த ஒரு காயிதத்தை எடுத்து பிரிச்சு வெச்சாங்க. "எம் பேருல ஏதோ வரி பாக்கியாமா சாமி, ஆயிரம் ரூவாவும் வராதுங்கறாங்க, என்னான்னு பாருப்பா."

பார்த்தேன். ஜிஎஸ்டி வசூல் நோட்டீஸ். பான் நம்பரைப் போட்டுத் தேடினா 33ல, அதாவது தமிழ்நாட்டு கோடுல, ஆரம்பிக்கிற ஒரு ஜிஎஸ்டி நம்பர், சென்னைல ஒரு அட்ரஸ், இரும்பு ஸ்கிராப் வியாபாரம், ஓனர் பேரு இந்த அக்கா. வரி மட்டும் 1 கோடியே 14 லட்சம். வட்டி, அபராதம் தனி.

"அக்கா, சென்னை போயிருக்கீங்களா?"

"இல்ல சாமி. பெங்களூர் கட்டட வேலைக்கு ரெண்டு வருசம் போனேன். சென்னை போனதில்ல."

பையன் தலைய குனிஞ்சுகிட்டே இருந்தான். அம்மாவை போலீஸ் புடிச்சிட்டு போயிருமான்னு அவனுக்கு பயம், கேக்கவும் வாய் வரல.

நடந்தது இவ்வளவுதான். ரெண்டு வருசம் முன்னாடி ஒருத்தன் ஊருக்கு வந்து லோன் வாங்கித் தர்றேன்னு ஆதார், பான், கரண்ட் பில் ஜெராக்ஸ், போட்டோ எல்லாம் வாங்கியிருக்கான். கைல 2000 குடுத்தானாம். "போன்ல வந்த நம்பரைக் கேட்டாரு, படிச்சுக் காட்டினேன்"ங்கறாங்க. அந்த நம்பர் ஓடிபி. லோன் வரல, ஆளும் வரல. கம்பெனி மட்டும் வந்திருச்சு.

அப்புறம் என்ன, சரக்கே போகாம பில் மட்டும் போயிருக்கும், வாங்கினவன் அதை வெச்சு இன்புட் எடுத்திருப்பான், அதாவது சரக்கு வாங்கும்போதே வரி கட்டிட்டேன்னு தன் வரில கழிச்சிருப்பான், இவங்க கணக்குல வரி பாக்கியா நின்னுருக்கும். எங்க லைன்ல இதுக்கு பேரு பில் டிரேடிங். எல்லாருக்கும் தெரிஞ்ச வித்தைதான். நோட்டீஸ் எல்லாம் ஜிஎஸ்டி வெப்சைட்டான போர்ட்டல்லயும் மெயில்லயும் வந்திருக்கு, அந்த மெயில் ஐடியும் போன் நம்பரும் அந்த ஆளு குடுத்தது. இந்த அக்காகிட்ட இருக்கிறது பட்டன் போன். கடைசியா ஆதார் அட்ரஸுக்கு வந்த காயிதம்தான் அவங்க கைல கெடைச்ச மொதல் தகவல்.

இப்போ இதுல இன்னொண்ணு பாருங்க. அக்கா சொன்ன அந்த ஆயிரம் ரூவா மகளிர் உரிமைத்தொகை. அதுக்கு விண்ணப்ப முகாமை 2023 ஜூலை 24ல அப்போதைய முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கி வெச்சதே நம்ம தர்மபுரி மாவட்டத்து தொப்பூர்லதான். அந்தத் திட்டத்து விதில, வருசம் 50 லட்சத்துக்கு மேல வியாபாரம் பண்ணி ஜிஎஸ்டி கட்டுற ஓனருக்கு தகுதி இல்லைன்னு இருக்கு. நியாயமான விதிதான், நான் குறை சொல்லல. ஆனா கம்ப்யூட்டருக்கு புளி தட்டுற அக்காவும் ஸ்கிராப் ஓனரும் ஒரே ஆளு.

இதெல்லாம் நான் பார்த்துகிட்டு இருக்கும்போது பக்கத்து சேர்ல என் கிளையன்ட் ஒருத்தர், சொந்தமா ஹார்டுவேர் கடை, நல்ல மனுசன்தான், அக்கா வெளிய போனதும் சொல்றாரு, "இவங்கெல்லாம் பத்து பைசா வரி கட்டறதில்ல சார், ஆயிரம் ரூவா வரலைன்னா மட்டும் ஓடி வந்துருவாங்க, எல்லாம் நம்ம வரிப்பணம்."

எனக்கு வந்துச்சே கோவம். ஜிஎஸ்டிக்கு முன்னாடி இருந்த வாட் வரி காலத்துல இருந்து இந்த ஒரு டயலாக்கை கேட்டுகிட்டு இருக்கேன், இன்னிக்கு பொறுமையா விளக்கமா எழுதிடறேன், இனிமே யாராச்சும் சொன்னா இதையே அனுப்பிருவேன்.

அந்த அக்கா 299 ரூவாய்க்கு ரீசார்ஜ் பண்ணினா அதுக்குள்ள 45 ரூவா 60 காசு வரி. 18 சதவீதம். பெங்களூர்ல ஐடி கம்பெனி மேனேஜர் அதே ரீசார்ஜ் பண்ணினாலும் அதே 45 ரூவா 60 காசுதான், அவருக்கு அது ஒரு காபி காசு, இவங்களுக்கு அது ஒரு மணி நேரத்துக்கு மேல குனிஞ்சு உக்காந்து தட்டின புளி. சோப்பு, தேங்காண்ணெய், ஷாம்பு, பேஸ்ட்டு, பிஸ்கட்டு, இதுல தேங்காண்ணெய் மட்டும் முன்னாடியே சமையல் எண்ணெய்னு 5ல வந்தது உண்டு, மத்ததுக்கெல்லாம் 2025 செப்டம்பர் 21 வரைக்கும் 18 சதவீதம், அதுக்கப்புறம்தான் 5 ஆச்சு. சிமெண்ட்டுக்கு அதுவரைக்கும் 28, இப்போ 18. அரசாங்கம் வீடு கட்ட பணம் குடுக்குதுன்னு சொல்றீங்களே, அந்தப் பணத்துல வாங்கின சிமெண்ட்டுல எவ்வளவு திரும்ப அரசாங்கத்துக்கே போச்சுன்னு ஒரு தடவை கணக்கு போடுங்க. பெட்ரோல் டீசல் ஜிஎஸ்டிக்குள்ளயே வரல, அதுல மத்திய அரசு கலால் வரி, மாநில அரசு வாட், ரெண்டும் இருக்கு. பஸ் டிக்கெட்டுலயும் தக்காளி லாரி வாடகையிலயும் அதுதான் ஒளிஞ்சுகிட்டு இருக்கு. டாஸ்மாக் பத்தி நான் எழுத ஆரம்பிச்சா கட்டுரை வேற பக்கம் போயிரும், விடுங்க.

2024-25ல நாடு முழுக்க வசூலான ஜிஎஸ்டி 22 லட்சம் கோடிக்கு மேல. வருமான வரி கட்டாதவன் வரியே கட்டலைன்னா இந்தப் பணம் ஆகாசத்துல இருந்தா விழுந்துச்சு?

இன்னும் ஒண்ணு. ஹார்டுவேர் அண்ணனுக்கு கோவம் வந்தாலும் பரவால்ல. அண்ணா, நீங்க மாசாமாசம் கட்டுற ஜிஎஸ்டி உங்க காசு இல்ல. கஸ்டமர் குடுத்ததை வாங்கி, நீங்க சரக்கு எடுக்கும்போது கட்டினதை கழிச்சுகிட்டு, மிச்சத்தை அனுப்புறீங்க. நீங்க போஸ்ட்மேன், மணியார்டர் அனுப்பினது அந்த அக்கா. உங்களுக்கு இன்புட் உண்டு, அந்த அக்காவுக்கு இன்புட் கெடையாது, அவங்களுக்கு அப்புறம் யார் மேலயும் தள்ளிவிட ஆளும் கெடையாது. சங்கிலில கடைசி ஆளு அவங்கதான்.

மேல இருக்கிறவங்க கதைய பாருங்க. செத்தவர் சொத்து மேல இருந்த எஸ்டேட் ட்யூட்டிய 1985ல எடுத்தாச்சு. பணக்காரங்க சொத்து மேல போட்ட வெல்த் டேக்ஸை (வீட்டுக்கு கட்டுற சொத்து வரி வேற) 2015 பட்ஜெட்ல எடுத்தாச்சு. 2019 செப்டம்பர்ல, மத்த சலுகைய விட்டுக்குடுக்கிற கம்பெனிகளுக்கு வரிய 30 சதவீதத்துல இருந்து 22க்கு எறக்கியாச்சு. ஒவ்வொண்ணுக்கும் காரணம் சொன்னாங்க, வெல்த் டேக்ஸ்ல வசூலை விட செலவும் தொல்லையும் அதிகம்கிறது ஓரளவு உண்மையும்கூட, நானே ஃபைல் பண்ணியிருக்கேன். ஆனா வரிசையா வெச்சுப் பார்த்தா ஒரே திசைலதானே போகுது. வேர்ல்ட் இன்ஈக்வாலிட்டி லேப்னு ஒரு ஆராய்ச்சிக் குழு, 2022-23ல இந்தியாவோட மேல்தட்டு 1 சதவீதத்துகிட்ட மொத்த சொத்துல 40 சதவீதம் இருக்குன்னு கணக்கு போட்டிருக்காங்க. அந்தப் பக்கம் பார்க்க நமக்கு கண்ணு போகாது, ஆயிரம் ரூவா மேலதான் போகும்.

சரி, அக்கா கேசுக்கு வர்றேன். வரி கட்டச் சொன்ன உத்தரவை எதிர்த்து அப்பீல் போகணும்னா மூணு மாசத்துக்குள்ள போகணும், தகுந்த காரணம் இருந்தா இன்னும் ஒரு மாசம். போகும்போது தகராறுல இருக்கிற வரில 10 சதவீதம் முன்கூட்டியே கட்டணும். அதாவது 11 லட்சத்து 40 ஆயிரம். ஒரு நாளைக்கு 300 ரூவா கூலின்னு வெச்சா, சோறு திங்காம, ஒரு நாள் லீவு போடாம, பத்து வருசத்துக்கு மேல புளி தட்டணும். 'இது நான் இல்ல'ன்னு சொல்றதுக்கு மட்டும். பெரிய கம்பெனிக்கு இந்த 10 சதவீதம் ஒரு செக். சட்டம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், ஒரு எழுத்து மாறல.

இவங்களுக்கு அந்த மூணு மாசமும் போயிருச்சு. அதனால நேரா ஹைகோர்ட்டுல ரிட் மனு. எனக்கு தெரிஞ்ச வக்கீல்கிட்ட பேசியிருக்கேன், ஃபீஸ் பாதியாக்கியிருக்காரு. சென்னையே பார்க்காத அக்கா மொதல் தடவையா சென்னை போறது ஹைகோர்ட்டுக்கு.

இனி நீங்க செய்ய வேண்டியது, சுருக்கமா சொல்றேன்.

ஜிஎஸ்டி டாட் ஜிஓவி டாட் இன் போங்க. லாகின் எதுவும் வேணாம், காசு கெடையாது. சர்ச் டேக்ஸ்பேயர்ல பான் நம்பர் வெச்சு தேடுறதுக்கு தனியா இடம் இருக்கு, போடுங்க. ஒண்ணும் வரலைன்னா நிம்மதி. தெரியாத கம்பெனி வந்துச்சுன்னா அன்னிக்கே போர்ட்டல்ல குறைதீர்ப்புல புகார் போட்டு நம்பரை வாங்கி வைங்க, போலீஸ்ல புகார் குடுத்து ரசீது வாங்குங்க. நாளைக்கு பாத்துக்கலாம்னு வெச்சீங்கன்னா மூணு மாசம் எப்படிப் போகும்னு மேல படிச்சீங்க இல்ல. வெளியூர் வேலைக்கு போயிருக்கிற தம்பி, ஊர்ல இருக்கிற அம்மா, எல்லார் பான் நம்பரையும் போட்டுப் பாருங்க.

ஜெராக்ஸ் குடுக்கும்போது எதுக்கு குடுக்கறீங்கன்னு அது மேலயே குறுக்கால எழுதி தேதி போட்டு கையெழுத்து போடுங்க. கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியிற ஆதார் டவுன்லோடு பண்ண முடியும், அது போதும்கிற எடத்துல அதையே குடுங்க. ஆதார்ல கைரேகைய லாக் பண்ணி வெக்கலாம், உங்க ஆதார் கடந்த 6 மாசத்துல எங்கெங்க பயன்பட்டுச்சுன்னும் பார்க்கலாம், தெரியலைன்னா 1947க்கு போன் போடுங்க. ஓடிபிய பத்தி இன்னும் எத்தனை தடவை சொல்றது, பேங்க் மேனேஜரே கேட்டாலும் சொல்லாதீங்கன்னா சொல்லாதீங்க.

ஜிஎஸ்டி வேலை பாக்குற எங்க ஆளுங்களுக்கும் ஒரு வார்த்தை. ஓனர் முகத்தைப் பார்க்காம, வாட்ஸ்அப்ல வந்த நாலு படத்தை வெச்சு ஆயிரத்துக்கும் ரெண்டாயிரத்துக்கும் ரிஜிஸ்ட்ரேஷன் போட்டுக் குடுக்கறோமே, அது யார் தலைல விழுதுன்னு ஒரு நாளாவது யோசிச்சிருக்கோமா? ஆதார் சரியா இருந்தா ஏழு வேலை நாள்ல நம்பர் வந்துரும், தொழில் தொடங்குறவனுக்கு நல்லதுதான். இப்போ சந்தேகமான விண்ணப்பத்துக்கு நேர்ல கூப்ட்டு கைரேகை வெக்கச் சொல்றாங்க, அது இன்னும் நல்லது. அதுக்கு முன்னாடி போட்ட நம்பர்களுக்கு பதில் சொல்றது யாரு?

கெளம்பும்போது அந்தப் பையன்தான் வாசல்ல நின்னு சொன்னான், அதே ஆளுகிட்ட அவங்க தெருவுல இன்னும் ஒம்போது பேரு பேப்பர் குடுத்திருக்காங்களாம். எல்லாரையும் ஞாயித்துக்கெழமை காலைல பான் கார்டோட வரச் சொல்லியிருக்கேன். நீங்களும் வரலாம், காசு எதுவும் வேணாம். ஓடிபி வந்துச்சுன்னா எங்கிட்டயும் சொல்லாதீங்க.