பாலை மரத்தின் பாரம் எங்கேயிருந்து வந்தது?

தவணைப் பரீட்சையில் ‘ஒளித்தொகுப்பு என்றால் என்ன?’ என்ற வினாவுக்கு என் வகுப்பில் அனேகமாக எல்லாரும் முழுப் புள்ளி எடுத்திருந்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் மறுநாள் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய், வளவில் நிற்கும் பாலை மரத்தைக் காட்டினேன். “இவ்வளவு பாரமும் எங்கேயிருந்து வந்தது?”

“மண்ணிலயிருந்து ரீச்சர்!” ஒரே குரல்.

ஒரு பையன் காரணமும் சொன்னான்: “யூரியா எறிஞ்சால்தானே நெல்லு வளருது?” இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற வீட்டுப் பிள்ளை. கண்டதை வைத்துத்தான் சொன்னான். கொப்பியில் எழுதிய வரைவிலக்கணமும் வயலும் அவனுக்குள் சந்திக்கவே இல்லை. முழுப் புள்ளி போட்ட எனக்கு அது தெரியவும் இல்லை.

பெரிய ஆட்களும் இதில் தடுமாறியிருக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மொன்ட் என்ற விஞ்ஞானி ஒரு வில்லோக் கன்றை நிறுத்தெடுத்த மண்ணில் நட்டு, 5 வருடம் தண்ணீர் மட்டும் விட்டார். மரம் ஏறக்குறைய 74 கிலோ கூடியது. மண்ணில் குறைந்ததோ 60 கிராம்கூட இல்லை. அப்படியென்றால் எல்லாம் தண்ணீர்தான் என்று முடிவு கட்டிவிட்டார். ஒளித்தொகுப்பில் இலைகள் தண்ணீரோடு சேர்த்து உணவாக்கும், காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு அவருடைய கணக்கில் வரவில்லை. இதைச் சொன்னதும் யூரியாப் பையனுக்கு முகம் கொஞ்சம் மலர்ந்தது.

அதற்குப் பிறகு பாடம் முடிய 5 நிமிடம் ஒதுக்குகிறேன். அரைத்தாள், ஒரு கேள்வி. பெயரும் இல்லை, புள்ளியும் இல்லை. பெயர் கேட்டால் பிள்ளை எனக்குப் பிடித்த விடையை எழுதும், தான் நினைப்பதை எழுதாது. தாள்களை வாசித்து விளங்கியது, அரைகுறை, வேறு கதை என்று மூன்றாகப் பிரிக்கக் கால் மணித்தியாலம் போதும். ‘வேறு கதை’க் குவியல்தான் எனக்குத் தங்கம். அடுத்த பல்தேர்வு வினாவுக்குப் பிழையான தெரிவுகளை அதிலிருந்தே எடுக்கிறேன். நானாகக் கற்பனை செய்த பிழைகளில் ஒருவரும் விழுவதில்லை.

பரிசோதனைக்கு முன்பும் அப்படித்தான். கறுப்புக் கடதாசி சுற்றிய இலையில், மாப்பொருள் இருக்கிறதா என்று காட்டும் அயடீனை விட்டால் என்ன நிறம் வரும் என்று எழுதிவைக்கச் சொல்லிவிட்டுத்தான் போத்தலைத் திறப்பேன்.

ஆசிரியரே வகுப்பில் வைத்துப் பிள்ளைகளை மதிப்பிடும் பாடசாலை மட்டக் கணிப்பீடு என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. தவணைக் கடைசியில் ஒரே பின்னேரத்தில் அந்தப் படிவங்களை நிரப்பியவர்களில் நானும் ஒருத்தி. அதில் பிள்ளைக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை.

சரி, அந்தப் பையனுக்கு வருவோம். இரண்டு கிழமை கழித்துக் கேட்டான்: “விறகு எரிஞ்சு முடியச் சாம்பல் மிஞ்சுதே, அப்ப அது மட்டும்தான் மண்ணிலயிருந்து வந்ததோ ரீச்சர்?”

அனேகமாக அப்படித்தான் என்றேன். அடுத்தநாள் வீட்டு அடுப்புச் சாம்பலை ஒரு பால்மா ரின்னில் கொண்டுவந்து, தராசு எங்கே என்று நின்றான்.